வாக்குரிமை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஜெர்மனிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, வேலையிடத்தில் எல்லோரும் ஜனநாயகத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்கிறார்கள், இந்த நாட்டை நம்பிக் குடும்பத்தோடு இருந்துவிடலாமா என்பது ஒன்று. நமக்கெதற்கு அரசியல் என்று ஒதுங்கியிருப்பதுதான் பாதுகாப்பா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் உலகத்தைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனமில்லை. 2025 பிப்ரவரி 23 அன்று நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் ஏ.எஃப்.டி. கட்சி 20.8 விழுக்காடு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. குடியேறியவர்களைப் பெருமளவில் திருப்பி அனுப்புவோம் என்று மேடையிலேயே பேசுகிற கட்சி அது. உலகக் கணக்கிலும் ஆறுதல் இல்லை. சுவீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் வி-டெம் நிறுவனம் வெளியிட்ட 2025 அறிக்கைப்படி, எதேச்சதிகார நாடுகள் 91, ஜனநாயக நாடுகள் 88. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகத் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. தெருவில் ராணுவ வண்டி வந்தால்தான் ஆட்சி கவிழ்ந்தது என்று நினைக்கிறார்கள். மியான்மரில் 2021-இலும் நைஜரில் 2023-இலும் அப்படி நடந்ததும் உண்மைதான். இன்று அதைவிட அதிகமாக நடப்பது வேறு. தேர்தலில் முறைப்படி ஜெயித்தவர்கள், ஒவ்வொரு அடியையும் சட்டமாக நிறைவேற்றிக்கொண்டே, தங்களைத் தட்டிக்கேட்கக் கூடியவர்களை ஒவ்வொருவராக அகற்றுகிறார்கள்.

ஹங்கேரியைப் பாருங்கள். 2010 தேர்தலில் விக்டர் ஓர்பான் என்ற தலைவரின் ஃபிடெஸ் கட்சி பாதியைச் சற்றுத் தாண்டிய வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்றது. அந்தப் பலத்தில் அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பு. அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதிகள் எண்ணிக்கையை 11-இலிருந்து 15-ஆக உயர்த்தித் தங்களுக்கு வேண்டியவர்களை நிரப்பினார்கள். மற்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62-ஆகக் குறைத்து, அனுபவசாலிகளை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இது செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் சொன்னது. அதற்குள் நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது. 2018-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்கள் ஆளுங்கட்சிக்கு நெருக்கமான ஓர் அறக்கட்டளையின் கீழ் வந்தன. இவ்வளவுக்கும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, தேர்தலும் தவறாமல் நடந்தது. வீட்டைக் கரையான் அரிக்கிற மாதிரி, வெளியே சுவர் நின்றுகொண்டுதான் இருக்கும்.

இதைவிட என் மனத்தை உறுத்துவது மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர். அங்கே வன்முறைக் கும்பல்களால் மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. அவற்றை அடக்குவேன் என்ற அதிபர் புகேலே பக்கம் மக்கள் மனமாரச் சாய்ந்தார்கள். 2021 மே 1 அன்று, அவர் கட்சி நிறைந்த புதிய சட்டமன்றம் கூடிய முதல் நாளிலேயே, உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வில் இருந்த ஐந்து நீதிபதிகளையும் தலைமை அரசு வழக்கறிஞரையும் நீக்கியது. புதிதாக வந்த நீதிபதிகள் அவர் மறுபடியும் போட்டியிடலாம் என்றார்கள். 2024-இல் பெரும் வெற்றி. 2025-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று சட்டமும் மாறியது. இங்கே மக்களை ஏமாளிகள் என்று திட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிருக்குப் பாதுகாப்பு தராத ஆட்சியை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்டால், ஜனநாயகம் பேசுகிற நாம் பதில் வைத்திருக்க வேண்டும். வாடகை, மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றில் கைவிரிக்கிற அரசுகள்தான் இப்படிப்பட்டவர்களுக்கு வழிவிடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

தாங்கி நின்ற நாடும் உண்டு. 2024 டிசம்பர் 3 இரவு தென் கொரிய அதிபர் யூன் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். படைவீரர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். உறுப்பினர்கள் சிலர் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். வெளியே மக்கள் திரண்டு நின்றார்கள். நள்ளிரவு தாண்டி அவையில் இருந்த 190 பேரும் ஒருமனதாக அதை நீக்க வாக்களித்தார்கள். அவர்களில் அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள்.

இப்போது நாம் இருக்கிற நாட்டுக்கு வருவோம். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரை சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமித்தது, சட்டப்படி அந்த அதிகாரம் படைத்த அதிபர் ஹிண்டன்பர்க். மார்ச் 23 அன்று நாடாளுமன்றமே வாக்கெடுத்துத் தன் சட்டமியற்றும் அதிகாரத்தை அவர் அரசிடம் கொடுத்தது. கம்யூனிஸ்டு உறுப்பினர்களை ஏற்கெனவே சிறைக்கோ தலைமறைவுக்கோ துரத்தியாகிவிட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. அந்தப் பாடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான் 1949-இன் அடிப்படைச் சட்டம். மனித கண்ணியத்தையும் ஜனநாயக ஆட்சிமுறையையும் எந்தப் பெரும்பான்மையாலும் நீக்க முடியாது என்று அதன் 79-ஆம் பிரிவு கட்டிவைத்திருக்கிறது. 2024 டிசம்பரில், ஹங்கேரியையும் போலந்தையும் பார்த்தபிறகு, இன்னொரு பூட்டும் போட்டார்கள். அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 16 நீதிபதிகள், 12 ஆண்டுப் பதவிக்காலம் என்ற விதிகள் அதுவரை சாதாரணச் சட்டத்தில் இருந்தன. சாதாரணப் பெரும்பான்மையே மாற்றிவிடலாம். அவை அடிப்படைச் சட்டத்துக்குள் போய்விட்டன. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதி மட்டும் இன்னும் வெளியேதான் நிற்கிறது. அதையும் உள்ளே கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஆகவே, இருந்துவிடலாமா என்றால், இருங்கள் என்பேன். ஆனால் கண் திறந்திருக்கட்டும். எந்தத் தலைவர் என்ன கத்தினார் என்பதைவிட, நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள், தேர்தலை யார் நடத்துகிறார்கள், பொது ஒலிபரப்பின் பணத்தில் யார் கைவைக்கிறார்கள் என்று பாருங்கள். கெட்ட பிறகு சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பதற்குப் போலந்து சாட்சி. 2023 அக்டோபரில் சுமார் 74 விழுக்காட்டினர் வந்து வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். ஆனால் முந்தைய ஆட்சியில் குளறுபடியாக நியமிக்கப்பட்ட நீதிபதிகளை என்ன செய்வது என்ற சிக்கல் அதோடு தீர்ந்துவிடவில்லை.

இரண்டாவது கேள்வி. ஒதுங்கியிருந்தால் நம்மை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. நம்மைப் பற்றிய முடிவுகள் நாம் இல்லாத இடத்தில் எடுக்கப்படும், அவ்வளவுதான் மிச்சம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அல்லாத நமக்கு இங்கே நகராட்சித் தேர்தலில்கூட வாக்கு இல்லை. ஆனால் வேலையிடத்தில் உண்டு. பெட்ரீப்ஸ்ராட் என்கிற தொழிலாளர் குழுத் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். அதில் குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் வேலை செய்திருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். அடிப்படைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பெற்றோர் குழுவில் சேருங்கள். அங்கே பேசிப் பழகிய ஜெர்மன், வகுப்பில் படித்த ஜெர்மனைவிட நிலைத்து நிற்கும்.

குடியுரிமைக்கு இப்போது ஐந்து ஆண்டுகள். 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையை விட வேண்டும் என்று ஜெர்மனி கேட்பதில்லை. பிறந்த நாட்டின் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விகள், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதை நினைத்துக் கவலை வேண்டாம். அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவிந்து கிடப்பதால்தான் தாமதம் ஆகிறது. பி1 என்கிற இடைநிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழை இந்த ஆண்டிலேயே முடித்துவிடுங்கள், சம்பளச் சீட்டுகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒன்றுவிடாமல் கோப்பில் சேர்த்து வாருங்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் எந்தத் தாள் இல்லையென்றாலும் எனக்கு எழுதுங்கள், எங்கே கேட்டு வாங்குவது என்று சொல்கிறேன்.