முதல் மாரத்தான் ஓடி மூன்று நாள் ஆகிறது, படி இறங்க முடியவில்லை. மறுபடி எப்போது ஓடலாம்?

முலுண்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஞாயிறன்று மும்பை மாரத்தானில் முதன்முறையாக 42 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். இன்று புதன்கிழமை, ஸ்டேஷன் படியில் கம்பியைப் பிடிக்காமல் இறங்க முடியவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் 21 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றுக்குப் பணமும் கட்டிவிட்டீர்கள். ஓடலாமா என்பது உங்கள் கேள்வி.

ஓடாதீர்கள். படி இறங்கும்போது வரும் வலிக்காக இதைச் சொல்லவில்லை. அது வெள்ளி, சனிக்குள் தானாகப் போய்விடும். போன பிறகு வரும் நாட்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த வலி. ஏறும்போது சமாளித்துவிடலாம், இறங்கும்போதுதான் உயிர் போகும், இல்லையா? இறங்கும்போது முன்தொடைத் தசை உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டும். ஓடும்போதும் ஒவ்வொரு அடி தரையில் விழும்போதும் இதேதான் நடக்கிறது. பல்லாயிரம் முறை அப்படி இழுபட்டதில் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுந்திருக்கும். மும்பை மாரத்தான் வழியில் வரும் பெடர் ரோடு ஏற்றம் ஓடியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதைத் தாண்டிச் சௌபாட்டிப் பக்கம் இறங்கும் சரிவுதான் களைத்த தொடையை அதிகம் பதம் பார்க்கிறது. இந்த வலி இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். தசையில் லாக்டிக் அமிலம் (லாக்டேட்) தேங்கிவிட்டது, அழுத்திப் பிடித்துவிட்டால் வெளியேறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓடும்போது கூடும் லாக்டேட் ஓட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பிலேயே செலவாகிவிடும். இந்த வாரம் பலமான மசாஜ் வேண்டாம். வீட்டில் லேசாக எண்ணெய் தடவிக்கொண்டால் போதும். வலி போகும்வரை படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கிப் பாருங்கள், தொடைக்கு வேலை குறையும். 2019-இல் என் முதல் மாரத்தான் முடிந்து செம்பூர் வீட்டின் மூன்று மாடியையும் அப்படித்தான் இறங்கினேன்.

இப்போது என் வலது பாதத்தின் கதை. 2020 ஜனவரி 19, என் இரண்டாவது மாரத்தான். ஆறாம் நாள் வலி முழுக்கப் போய்விட்டது. பயிற்சியை விட்டால் உடம்பு இளகிவிடும் என்ற பயம். ஒன்பதாம் நாள் காலையில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் சுற்றிச் சுற்றி 14 கிலோமீட்டர் ஓடினேன். கால் இறகு மாதிரி இருந்தது. அன்று மாலை பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்கு நேராக, ஒரு சின்ன வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அதை நம்பி இன்னும் மூன்று முறை ஓடினேன். பிப்ரவரி நடுவில் எம்ஆர்ஐ எடுத்தபோது எலும்பில் நுண்ணிய விரிசல். இப்படிப்பட்ட விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆறு வாரம் பாதத்தை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட்ஸ். அது கழன்ற வாரம் ஊரடங்கு வந்துவிட்டது. அந்த வருடம் நான் சாலையில் ஓடவே இல்லை.

பிறகு என் பிசியோதெரபிஸ்ட் விளக்கியது இது. தசைக்கு ரத்த ஓட்டம் நிறைய, சீக்கிரம் ஆறும். எலும்பு அப்படியில்லை. அடிபட்ட பழைய பகுதியை உடம்பு முதலில் அரித்து எடுக்கிறது, பிறகுதான் புதிய எலும்பை வைத்துக் கட்டுகிறது. அந்த வேலைக்குப் பல வாரம் ஆகும். நடுவில் எலும்பு வழக்கத்தைவிட பலவீனமாக இருக்கும். ஆனால் வலிக்காது. கால் பொய் சொல்லும் காலம் என்று நான் அதைச் சொல்வேன்.

அதனால் ஒரு பரிசோதனை. எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டால், உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறீர்களா, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுகிறீர்களா? தடவிக் காட்டுவது பெரும்பாலும் தசை வலி. விரல் நுனியில் அடங்குகிற வலி, அதுவும் எலும்பின் மேல், என்றால் ஓடாமல் மருத்துவரிடம் போங்கள்.

இன்னும் சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் கோலா நிறத்தில் போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனை. ஓடிய அன்றே வாந்தி, தலைவலியோடு பேச்சு குழறினாலும் அப்படித்தான். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால் இப்படி ஆகும். அதனால் தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள், உப்பும் சேரட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தண்ணீர் வற்றிய உடம்போடு விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். என்னோடு ஓடியவர்கள் அதை மிட்டாய் போலப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன், மனம் பதறும்.

சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த பவுடர் எதுவும் தேவையில்லை. தசையில் சேமித்திருந்து தீர்ந்துபோன சர்க்கரை, அதாவது கிளைகோஜன், திரும்ப நிறையச் சோறும் இட்லியும் பொங்கலும் போதும். நன்றாகச் சாப்பிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துவிடும். தசை ஆறுவதற்குப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர். எனக்கு ஓடி முடித்ததும் இனிப்பு இறங்காது. சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து வீடு வந்ததும் அம்மா தரும் மோர் கலந்த கஞ்சியும் நார்த்தங்காயும்தான் வயிற்றுக்குள் போகும். பிறகு தூக்கம். இந்த வாரம் இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க முடிந்தால் அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஓட்டத்துக்கு வருகிறேன். ஜாக் ஃபோஸ்டர் என்று ஒரு நியூசிலாந்து வீரர் இருந்தார். 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் மாரத்தானில் வெள்ளி வென்றவர். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் அடுத்த பந்தயமோ கடும் பயிற்சியோ கூடாது என்பது அவர் பெயரால் வழங்கும் கணக்கு. மாரத்தான் 26 மைல், ஆக 26 நாள். உங்கள் 21 கிலோமீட்டர் வருவது 21-ஆம் நாள். அதுவும் இது உங்கள் முதல் மாரத்தான்.

இந்த ஞாயிறு வரை தினமும் இருபது நிமிடம் மெதுவாக நடந்தால் போதும். அடுத்த வாரம் நீச்சலோ சைக்கிளோ முடிந்தால் செய்யுங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு, எந்த வலியும் இல்லையென்றால், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரம் வழக்கத்தில் பாதி. வேகப் பயிற்சியும் நீண்ட தூரமும் ஒரு மாதம் கழித்து.

நடுவில் காரணமில்லாமல் மனம் சோர்ந்தால் பயப்படாதீர்கள். ஆறு மாதம் விடியற்காலை எழுந்த காரியம் முடிந்துபோன வெறுமை அது, பலருக்கும் வரும். எனக்கு இரண்டு முறையும் வந்தது.

கட்டிய பணத்துக்காக வருந்த வேண்டாம். பிரிவை மாற்றித் தருவார்களா என்று நடத்துபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் மாற்றித் தருவார்கள், 5 கிலோமீட்டர் என்றால் நடந்தே முடிக்கலாம். மாற்ற முடியாவிட்டால் பாதி வழியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நில்லுங்கள். ஞாயிறன்று உங்களுக்கும் யாரோ அப்படி நின்றிருப்பார்கள்.