வாசகர் கேள்வி–பதில்: சலைன் பாட்டிலில் 0.9% உப்பு எதற்கு?

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்குப் பின் என் தந்தைக்கு ஏற்றிய சலைன் பாட்டிலில் ‘0.9% சோடியம் குளோரைடு’ என்று அச்சிட்டிருந்தது. உடலுக்கு வேண்டியது நீர்தான் என்றால், கிருமி நீக்கிய தூய நீரையே ஏற்றிவிடலாமே? ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான உப்பு என்ன செய்துவிடப்போகிறது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த உப்பு இல்லாவிட்டால், நீர் இறங்கும் இடத்திலேயே இரத்தச் சிவப்பணுக்கள் வெடிக்கத் தொடங்கிவிடும். சிவப்பணுவின் சவ்வு நீரை மிக எளிதாக உள்ளும் புறமும் விடும். சோடியம் போன்ற அயனிகளை அப்படி விடாது. நீர் செல்வதற்கென்றே அச்சவ்வில் அக்குவாபோரின் என்ற புரதக் குழாய்கள் இருப்பதைக் கண்டறிந்ததற்காகவே அமெரிக்க அறிவியலாளர் பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இத்தகைய சவ்வின் இருபுறமும் கரைபொருளின் செறிவு வேறுபட்டால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் நகரும். இதுவே சவ்வூடு பரவல்.

தூய நீரில் கரைபொருள் ஏதுமில்லை என்பதால், அதில் இட்ட சிவப்பணுவுக்குள் நீர் விரைந்து புகுகிறது. இருபுறமும் குழிந்த வட்டாக இருந்த அணு முதலில் உருண்டையாகப் பருக்கிறது. பிறகு, மேலும் விரிய இயலாத சவ்வு கிழிந்து ஹீமோகுளோபின் வெளியேறுகிறது. ஆய்வகத்தில் இதற்கு நுண்ணோக்கிகூட வேண்டியதில்லை. சில துளி இரத்தம் கலந்த சலைன் கலங்கலாக இருப்பதால், சோதனைக் குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் எழுத்தைப் படிக்க முடியாது. அதே அளவு இரத்தத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்தால், சிறிது நேரத்தில் அது தெளிந்த சிவப்பு நீராகி, எழுத்து நன்றாகத் தெரியும். உப்பின் அளவு ஏறத்தாழ 0.5 விழுக்காட்டுக்குக் கீழே போகும்போது இயல்பான சிவப்பணுக்கள் சிதையத் தொடங்குகின்றன, 0.3 விழுக்காட்டை நெருங்கும்போது பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. மாறாக, 3 விழுக்காட்டு உப்புக் கரைசலில் நீர் வெளியேறி, அணுக்கள் விளிம்பெங்கும் முள்முள்ளாகச் சுருங்கிவிடும். இவ்விரண்டும் நேராத ஒத்த செறிவு 0.9 விழுக்காடு என்பதை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்து உடலியலாளர் ஹாம்பர்கர் சிவப்பணுக்களைக் கொண்டே கணித்தார்.

ஊசி மருந்துப் பொடியைக் கரைக்கத் தரும் சிறு குப்பியில் இருப்பதும் தூய நீர்தானே என்று நீங்கள் கேட்கலாம். அது சில மில்லி லிட்டர் மட்டுமே; மருந்தும் அதில் கரைந்திருப்பதால், இரத்தத்தோடு கலந்த கணமே அதன் விளைவு அடங்கிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் 5% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) பாட்டிலில் உப்பே இல்லையே, அதை மட்டும் எப்படி ஏற்றுகிறார்கள்? (வாசகர், ஈரோடு)

பதில்: நல்ல கேள்வி. சவ்வூடு பரவலுக்குக் கரைபொருளின் எடையோ வகையோ பொருட்டல்ல. சவ்வைத் தாண்டாமல் நிற்கும் துகள்களின் எண்ணிக்கையே கணக்கு. ஒரு லிட்டர் சலைனில் உள்ள 9 கிராம் உப்பு, கரைந்ததும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. டெக்ஸ்ட்ரோஸ் மூலக்கூறு கனமானது, பிரிவதும் இல்லை; ஆகவே ஏறக்குறைய அதே எண்ணிக்கையை எட்ட லிட்டருக்கு 50 கிராம் வேண்டியிருக்கிறது. எடையில் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபட்டாலும் சிவப்பணுவுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

ஆனால் இந்தச் சமநிலை நெடுநேரம் நீடிப்பதில்லை. உடல் அந்தச் சர்க்கரையை எரித்துத் தீர்த்துவிட, எஞ்சுவது வெறும் நீர். ஒரு கரைசல் செல்லை என்ன செய்யும் என்பதைப் பாட்டிலின் மேலுள்ள எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். டெக்ஸ்ட்ரோஸை மட்டும் தொடர்ந்து மிகுதியாக ஏற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். செல்களுக்குள் நீர் புகும். மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாத மூளைக்கு, அதிலும் குழந்தைகளின் மூளைக்கு, அது பேராபத்து. எந்தப் பாட்டில், எவ்வளவு வேகம் என்பதை மருத்துவர் சோடியம் அளவைப் பார்த்து முடிவு செய்வதற்குக் காரணம் இதுவே. ‘சும்மா ஒரு குளுக்கோஸ் போடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் நம் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

கேள்வி: வாடிய கீரையை வெறும் தண்ணீரில் வைத்தால் நிமிர்கிறதே தவிர, அதன் செல்கள் வெடிப்பதில்லையே? (மாணவி, தென்காசி)

பதில்: சிவப்பணுவுக்கு இல்லாத செல் சுவர் கீரைக்கு உண்டு. நீர் புகப்புக உள்ளடக்கம் சுவரை அழுத்தும், சுவர் எதிர்த்து அழுத்தும். ஓர் அளவுக்கு மேல் நீர் உள்ளே வர முடியாது. கீரை விறைத்து நிமிர்வது அந்த அழுத்தத்தால்தான். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ரியோ என்ற அழகுச் செடி இலையின் ஊதா நிற அடித்தோலை உரித்து, அடர்ந்த உப்புக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: சுவர் அப்படியே நிற்க, ஊதா உள்ளடக்கம் மட்டும் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். உடனே தண்ணீரை விட்டால் பெரும்பாலான செல்களில் ஊதா நிறம் மீண்டும் சுவரைத் தொடும். உப்பிலேயே நெடுநேரம் கிடந்த செல்கள் இறந்துவிடுவதால் மீளமாட்டா. உரம் மிகுந்து வேர் நீரிழக்கும் செடிக்கு உடனடியாக ஏராளமாகத் தண்ணீர் பாய்ச்சச் சொல்வதும் இக்காரணம் பற்றியே.