நிலாவெளி வீட்டில் அறை கட்டக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு வீடு இருக்கிறது. இரண்டு அறைகளை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுகிறோம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கணவரின் கடல் தொழிலில் மிச்சம் இல்லை. வெளிநாட்டவரை நம்பி, ஏசி போட்டு இன்னும் இரண்டு அறை கட்ட யோசிக்கிறோம். காணி உறுதியை ஈடு வைத்தால் 16 வீத வட்டிக்கு 25 லட்சம் தர வங்கி தயார். ஏழு வருடத் தவணை. நிலையான வைப்பில் 15 லட்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உறுதியை ஈடு வைக்க வேண்டாம், சகோதரி.

அந்தக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 49,650 ரூபாய் வரும். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம். புது அறை ஒன்றுக்கு 6,000 ரூபாய் வாங்கி, வருடத்தில் 60 இரவு நிரம்பினால் இரண்டிலும் 7,20,000 வரும். மின்சாரம், சலவை, தரகு என்று மூன்றில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது 4,80,000. தவணைக்கே போதாது. ஐப்பசியில் மழை பிடித்துக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் உங்கள் பக்கம் யாரும் வரப்போவதில்லை. ஆனால் அந்த மழைக்கால நாலு மாதமும் தவணை வரும், கிட்டத்தட்ட 2 லட்சம்.

வெளிநாட்டவரை மட்டும் நம்புவதும் எனக்குப் பயமாக இருக்கிறது. 2018-ல் 23 லட்சம் வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தார்கள். 2021-ல் 2 லட்சம்கூட இல்லை. கெட்ட காலத்திலும் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கும் பள்ளி விடுமுறைக்கும் வான் வண்டி பிடித்து வந்தது கண்டி, குருநாகல், யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள்தான். வெளிநாட்டுப் பயணத்துக்கு வசதியில்லாதபோது அவர்களுக்கு உங்கள் கடற்கரைதான் விடுமுறை.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், கூடவே அரிசி, பானை, இரண்டு குழந்தைகள். கடலில் குளித்துவிட்டு மணலோடு வருவார்கள். முற்றத்தில் ஒரு குழாயும் குளிக்க மறைப்பும் இருந்தால் உங்கள் குளியலறை தப்பும். சமைக்க ஒரு கொட்டில், விரிக்க மெத்தைகள், வானை நிறுத்த நிழல். அப்புறம், சாரதி படுக்க ஒரு கட்டிலும் மின்விசிறியும். இதை லேசாக நினைக்காதீர்கள். இரவெல்லாம் வானுக்குள் நுளம்புக் கடியில் கிடந்த மனிதர் அடுத்த கூட்டத்தை உங்களிடம் கொண்டு வரமாட்டார். நன்றாகத் தூங்கி எழுந்தவர் கொண்டு வருவார்.

இவ்வளவுக்கும் 4 லட்சம் ஒதுக்குங்கள். வைப்பு முதிரும் வரை பொறுத்து எடுங்கள், இடையில் உடைத்தால் வட்டி குறையும். மீதி 11 லட்சத்தைத் தொடவே வேண்டாம். மழைக்கால வீட்டுச் செலவுக்கு அதன் வட்டி கைகொடுக்கும். விலையை ரூபாயில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிந்துகொள்ளுங்கள்.

கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். வருகிறவர்களுக்குப் புறாமலைத் தீவுக்குப் படகு, காலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மாலையில் கோணேசர் கோயில் என்று இரண்டு நாளைக்கு ஒழுங்கு செய்து கொடுத்தால் ஒரு இரவு தங்க வந்தவர்கள் இரண்டு இரவு தங்குவார்கள். அறை கட்டாமலே வருமானம் கூடும். படகுக்காரரும் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டுக் கடையும் பிழைப்பார்கள்.

ஒரு கொப்பியில் எந்த இரவு யார் வந்தார்கள், எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி வாருங்கள். அடுத்த செப்டம்பரில் அதை எடுத்துப் பாருங்கள். இருக்கிற இரண்டு அறையும் 60 இரவுக்கு மேல் நிரம்பி, இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் எனக்கு எழுதுங்கள். கையில் சேர்ந்த காசில் ஒரு அறை கட்டுவதைப் பற்றி அப்போது பேசலாம்.