கேள்வி – பதில்: ஒரு நாளைக்கு எட்டுச் சொல்

கேள்வி (உவர்மலையிலிருந்து ஒரு தாய்): மகன் தரம் 8, தமிழ் மொழிமூலம். கனடாவில் அண்ணா வீட்டுக்குக் கிட்டவுள்ள விடுதிப் பாடசாலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறோம். அங்கே சேர எழுதவேண்டிய எஸ்.எஸ்.ஏ.ரி. (SSAT) அனுமதிப் பரீட்சைக்கு இன்னும் 14 கிழமை இருக்கிறது. ஆங்கில ஒத்தகருத்துச் சொற்பட்டியல் ஒன்றை நாளுக்கு 30 சொல் வீதம் பாடமாக்குகிறான். மூன்றாம் நாள் கேட்டால் பாதி நினைவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முப்பது வேண்டாம், எட்டுப் போதும். அதோடு அந்தப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரே கருத்துள்ள சொற்களை அது பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ஃப்ரூகல், த்ரிஃப்டி, ஸ்டிஞ்சி, பார்சிமோனியஸ் நான்கையும் ஒரே நாளில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு 'காசு செலவழிக்காத ஏதோ ஒன்று' என்பது மட்டும் தங்கும், எது எதுவென்று குழம்பிவிடும். நம்முடைய நிகண்டுகளும் பொருள்வாரியாகத்தானே அடுக்கின என்று கேட்கலாம். நிகண்டு பாடமாக்கிய பிள்ளைக்குத் தமிழ் வீட்டுமொழி. பல சொற்கள் ஏற்கெனவே காதில் விழுந்தவை. உங்கள் மகனுக்கு இவை முற்றிலும் புதியவை. முதலில் தனித்தனியாகப் பழகட்டும், கூட்டம் சேர்ப்பது பிறகு.

ஒரு ஏ4 பிரிஸ்டல் மட்டையை எட்டுத் துண்டாக வெட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். நாளுக்கு ஒரு மட்டை, கிழமையில் ஐந்து நாள், ஆக 40 சொல். 11 கிழமையில் 440. கடைசி மூன்று கிழமையும் மீட்டலுக்கு மட்டும். அப்போது புதுச்சொல் ஒன்றுகூடச் சேர்க்க வேண்டாம்.

துண்டின் முன்பக்கத்தில் ஆங்கிலச் சொல் மட்டும். பின்பக்கத்தில் தமிழ்க் கருத்து, இரண்டு ஒத்தகருத்துச் சொல், ஓர் எதிர்க்கருத்துச் சொல், மகனே எழுதிய ஒரு வசனம். மூலையில் ஒரு சக (+) அல்லது சய (−) அடையாளம்: அந்தச் சொல் புகழ்வதா, குறைசொல்வதா? இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃப்ரூகல் சிக்கனம், அதற்குச் சகம். பார்சிமோனியஸ் கஞ்சத்தனம், அதற்குச் சயம். ரெசொலூட் மனவுறுதி, ஒப்ஸ்டினேட் பிடிவாதம். தமிழில் இந்த வேறுபாடு கைவசம் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை எழுதுவது வீண்.

வசனம் ஊரைப் பற்றியதாக இருக்கட்டும். திருகோணமலை நகர வீதியில் ஆட்களுக்குப் பயப்படாமல் திரியும் மான் டொசைல் (சாதுவானது). வாடைக்காற்று வீசும் நாளில் வெளிக்கடல் டேர்பியூலன்ட் (கொந்தளிப்பானது), உள்துறைமுகம் ப்ளசிட் (அமைதியானது). கோணேசர் கோயில் மலையிலுள்ள இராவணன் வெட்டில் நின்று கீழே பார்த்தவனுக்கு ப்ரெசிபிட்டஸ் (செங்குத்தான) என்ற சொல்லுக்கு விளக்கவுரை தேவையில்லை.

பிஸ்கட் தகரம் ஒன்றில் ஐந்து தட்டு அமையுங்கள். முதல் தட்டு தினமும், மற்றவை முறையே இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன துண்டு அடுத்த தட்டுக்குப் போகும். பிழைத்தது எந்தத் தட்டில் இருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும். துண்டைத் திருப்புவதற்கு முன் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு 'இது தெரியும்தானே' என்பது கணக்கில் வராது. மீட்டவேண்டிய துண்டுகள் ஒரு நாளில் நாற்பதைத் தாண்டினால் அன்று புதுச்சொல்லை நிறுத்துங்கள்.

நான்காம் கிழமையில் துண்டுகளை நிலத்தில் பரப்பி, கருத்து ஒத்தவற்றை வலிமைப்படி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எரிச்சல், கோபம், சீற்றம் என்ற வரிசையில் அனோய்ட், ஆங்ரி, ஃபியூரியஸ். நீங்கள் வாங்கிய பட்டியலுக்கு இப்போதுதான் வேலை.

ஒன்று கவனம்: இந்தப் பக்கத்தில் ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் அச்சிடுகிறோம். துண்டில் அப்படி எழுதவிடாதீர்கள். பரீட்சையில் கண்தான் வேலை செய்கிறது. எழுத்துக்கூட்டு கண்ணில் பதிய வேண்டும்.

கேள்வி (கிண்ணியா மாணவி): விடை தெரியாவிட்டால் ஏதாவது ஒன்றில் குறிபோடலாமா?

பதில்: எந்தப் பரீட்சை என்பதைப் பொறுத்தது, தங்கச்சி. எஸ்.எஸ்.ஏ.ரி. நடுநிலை, மேல்நிலைத் தாள்களின் சொற்பகுதியில் 30 நிமிடத்தில் 60 வினா: 30 ஒத்தகருத்து, 30 சொல்லுறவு (சொற்சோடிகளுக்கிடையிலான தொடர்பு). ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவு. சரிக்கு 1 புள்ளி, பிழைக்குக் கால் புள்ளி கழியும், வெறுமையாக விட்டால் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஐந்தில் ஒன்று சரி, நான்கு பிழை. வந்த ஒரு புள்ளியும் போய்விடும், நட்டமுமில்லை இலாபமுமில்லை. ஒரு தெரிவைக்கூட நிச்சயமாகத் தள்ள முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. இரண்டைத் தள்ளினால் சராசரியாக ஆறில் ஒரு புள்ளி இலாபம். எனவே சொல் சற்றும் பழக்கமில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றையாவது தள்ள முடிந்தால் குறியுங்கள். ஐ.எஸ்.ஈ.ஈ. (ISEE) என்ற இன்னொரு பாடசாலை அனுமதிப் பரீட்சையில் நான்கு தெரிவுதான், பிழைக்குக் கழிப்பதில்லை. அதில் ஒரு வட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது. பதியும்போது அந்த ஆண்டின் கையேட்டில் விதிகளை ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி (தம்பலகாமம், ரியூசன் ஆசிரியர்): சொல்லின் கருத்துத் தெரிந்த பிள்ளைகளே பிழையான தெரிவைக் குறிக்கிறார்கள். ஏன்?

பதில்: சேர், ஒரு வினாவுக்கு அரை நிமிடம்தான் என்பதால் கண் முதலில் பிடிக்கும் சொல்லில் கை போய்விடுகிறது. தாள் தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். பெனவொலன்ட் (நல்லெண்ணமுள்ள) கேட்கப்பட்டால் தெரிவுகளில் மலெவொலன்ட் (தீய எண்ணமுள்ள) காத்திருக்கும்: பாதி எழுத்து ஒன்று, கருத்து நேரெதிர். எமினன்ட் என்றால் புகழ்பெற்ற, இமினன்ட் என்றால் நடக்கவிருக்கிற. இன்ஜீனியஸ் கூர்மதி, இன்ஜெனுவஸ் கள்ளங்கபடமற்ற தன்மை. இப்படியான சோடிகளுக்கு ஒரு கொப்பியில் தனிப்பக்கம் வையுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்த வேண்டாம்.

இன்னொரு பொறி, தொடர்புடைய சொல். டொக்டருக்கு வைத்தியசாலை தொடர்புடையது, ஒத்தகருத்து அல்ல. மூன்றாவது, பல பொருள் ஒரு சொல். கிரேவ் என்றவுடன் பிள்ளைக்குக் கல்லறை நினைவுக்கு வரும். தெரிவுகள் ஐந்தும் பெயரடைகள் என்றால் அங்கே கிரேவ் 'பாரதூரமான' என்ற பொருளில்தான் வந்திருக்கிறது. தெரிவுகளின் சொல்வகையைப் பார்த்துவிட்டு வினாச்சொல்லுக்குத் திரும்பப் பழக்குங்கள்.

பெனி (நன்மை), மல் (தீமை), லொக் (பேச்சு) போன்ற வேர்களைக் கற்பிப்பது நல்லது. இருபது இருபத்தைந்து வேர் போதும். ஆனால் 'இன்' என்ற முன்னொட்டை எப்போதும் 'இல்லை' என்று சொல்லிக்கொடுத்தால் ஆபத்து. இன்ஃபமஸ் என்பது புகழற்றவன் அல்ல, கெட்ட பெயர் எடுத்தவன். இன்வலியூவபிள் விலைமதிப்பற்றது. இன்ஃப்ளமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று நம்பிச் சமையலறையில் வைத்தால் கதை வேறு.

கேள்வி (நிலாவெளி வாசகர்): ஃபோனில் ஒத்தகருத்து அகராதி இருக்கிறதே, அது போதாதா?

பதில்: தேட உதவும், படிக்க உதவாது. ஒரு சொல்லுக்கு அது இருபது சொல் தரும். எது கடுமை, எது மென்மை, எது ஏளனம் என்று பெரும்பாலும் சொல்லாது. அதிலிருந்து இரண்டை மட்டும் எடுத்து, எடுத்துக்காட்டு வசனங்கள் உள்ள சாதாரண ஆங்கில அகராதியில் சரிபார்த்த பிறகே துண்டில் எழுதுங்கள்.