பெரிய சொகுசு எஸ்யூவியின் மோதல் பாதுகாப்பை எப்படி எடைபோடுவது?

காரைத் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே அமர்த்திய பொம்மைகளுக்கு எவ்வளவு அடிபடுகிறது என்று அளந்து தருவதே நட்சத்திர மதிப்பீட்டின் அடிப்படை. அசையாத தடுப்பில் ஒவ்வொரு வண்டியும் தன் இயக்க ஆற்றலைத் தானே தாங்க வேண்டும். ஒரே வேகத்தில், இரண்டரை டன் வண்டிக்கு அது ஒரு டன் காரைப்போல் இரண்டரை மடங்கு. ஆகவே ஐந்து நட்சத்திரச் சிறிய காரும் ஐந்து நட்சத்திர எஸ்யூவியும் சமமல்ல. ஐந்தாம் வகுப்பு முதலிடமும் பத்தாம் வகுப்பு முதலிடமும் போலத்தான்.

சாலையில் நேருக்கு நேர் மோதினால் கனமான வண்டிக்கே சாதகம். எதிரில் வருபவரின் கதி? ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் அமைப்பான யூரோ என்கேப் 2020 முதல் 1,400 கிலோ எடையுள்ள நகரும் தடுப்போடு மோதவிட்டு, எதிர்வண்டிக்கு அதிகக் கேடு செய்யும் முகப்புக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. நியாயமான மாற்றம்.

நட்சத்திர மதிப்பீடே இல்லாத சொகுசு வண்டி சோதனையில் தோற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் குறைவாக விற்கும் வண்டிகள் பல சோதிக்கப்படுவதே இல்லை.