மழையில் சைக்கிள்: உப்பா கரைவதற்கு?

கேள்வி: எங்கள் சைக்கிள் கிளப்பில் மாதம் ஒருமுறை காலையில் கிளம்பி எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மாலைக்குள் திரும்புவோம். போன முறை பாதி வழியில் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. திரும்பிவிடலாம் என்றேன், "நீ என்ன உப்பா, கரைஞ்சு போக?" என்று சிரித்தார்கள். கடைசியில் ஒருவர் நடுநடுங்கி, பேச்சு குழறி, அவரைக் காரில் ஏற்றி அனுப்பும்படி ஆனது. இந்த மாதிரி நேரத்தில் யார் முடிவெடுப்பது?

பதில்: நடுக்கம்கூடப் பரவாயில்லை, பேச்சு குழறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே ஆபத்துதான், அதற்குப் பனி கொட்ட வேண்டும் என்பதில்லை, நனைந்த சட்டையும் எதிர்க்காற்றும் போதும். மிதித்துக்கொண்டிருக்கும்வரை கால் தசைகளே சூடு கொடுக்கும். யாருக்காவது பஞ்சர் ஆகி எல்லோரும் பதினைந்து நிமிடம் நிற்கும்போதுதான் ஒருவர் ஓசைப்படாமல் விறைக்க ஆரம்பிப்பார், அதுவும் பெரும்பாலும் ஒல்லியானவர், வாய்விட்டுச் சொல்லாதவர். நீண்ட இறக்கமும் அப்படித்தான், மிதிக்கிற வேலை இல்லை, காற்று மட்டும் இன்னும் வேகமாக அடிக்கும்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் இருக்கிறேன் என்றுதான் சொல்வார். அதனால் கையைப் பாருங்கள். ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுக்க முடியாமல் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தால், அந்தக் கை பிரேக்கையும் சரியாகப் பிடிக்காது. அவருக்கு அன்றைய ரைடு அத்தோடு முடிந்தது. ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, காற்று படாத இடத்தில் உட்கார வையுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் சூடாகவும் இனிப்பாகவும் குடிக்க ஏதாவது கொடுக்கலாம். கை காலைத் தேய்க்க வேண்டாம். பேச்சு குழறினால் மருத்துவ உதவிதான், யோசிக்கவே வேண்டாம்.

சரி, முடிவு யாருடையது? கிளம்பும் முன்பே ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்ளுங்கள், அவர் திரும்பு என்றால் திரும்ப வேண்டியதுதான். அவர் போகலாம் என்றாலும் குழுவில் யாராவது போதும் என்று சொன்னால், காரணம் கேட்காமல், அவரோடு இன்னொருவரும் திரும்ப வேண்டும். மழையில் யாரையும் தனியாக அனுப்பக்கூடாது. எங்கெங்கே குறுக்கு வழியில் திரும்பலாம் என்பதை வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துவிடுங்கள், நனைந்த பிறகு நின்று விவாதித்தால் அந்த நேரத்தில்தான் குளிர் ஏறும்.

சிரித்த நண்பர்களுக்கு ஒரு தகவல். 1988 ஜூன் 5 அன்று, இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில், காவியா மலைக் கணவாயில் பனி கொட்டியது. உச்சியை முதலில் தொட்ட யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையில் இருந்தார். இறக்கத்தில் விறைத்துப்போய் ஒதுங்கி நின்று, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கித்தான் வந்து சேர்ந்தார். 2013-இல் அதே இத்தாலியில் மிலன்–சான் ரெமோ சைக்கிள் பந்தயத்தை நடுவில் நிறுத்தி, வீரர்களை பஸ்ஸில் ஏற்றி மலையைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் பஸ் ஏறியிருக்கிறார்கள், நாம் திரும்பினால் என்னவாம்?

கேள்வி: இடி மின்னல் வந்தால்? சைக்கிள் டயர் ரப்பர்தானே, காப்பாற்றாதா?

பதில்: காப்பாற்றாது. மேகத்திலிருந்து அத்தனை தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு விரல் தடிமன் ரப்பர் ஒரு பொருட்டா? மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவு என்றால், அது சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நல்ல கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், தனி மரத்தடி மட்டும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்பலாம்.

கேள்வி: மழையில் என் முன்னால் போகிறவரின் சக்கரம் சேற்றை எல்லாம் என் முகத்தில் அடிக்கிறது. விலகிப் போனால் காற்று தாங்கவில்லை. என்ன செய்ய?

பதில்: குழுவாகப் போகிறவர்கள் பின்சக்கரத்துக்கு மட்கார்டு போட்டே ஆக வேண்டும், அதுவும் கீழே மடிப்பு தொங்குகிற நீளமான மட்கார்டு. சீட்டுக்கு அடியில் செருகுகிற குட்டைப் பட்டை அவர் முதுகை மட்டும்தான் காக்கும், உங்கள் முகத்தை அல்ல. போடாதவர் வரிசையில் கடைசியில் வரட்டும், இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் ஒட்டிப்போகிற பழக்கத்தை மழை நாளில் விட்டுவிடுங்கள். சக்கரத்தின் விளிம்பை, அதாவது ரிம்மை, கவ்வுகிற ரிம் பிரேக் நனைந்திருந்தால் பிடித்த முதல் கணம் ஒன்றுமே நடக்காது, பிரேக் கட்டை ரிம்மில் இருக்கிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும், அப்புறம் திடீரென்று கவ்வும். மழையிலும் சட்டென்று பிடிக்கிற டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர் முன்னால், ரிம் பிரேக் பின்னால் என்றால் கேட்கவே வேண்டாம். நான் ஒருமுறை சாலையின் வெள்ளைக் கோட்டின் மேல் வளைந்து, சோப்பில் கால் வைத்த மாதிரி போய் விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் என் மேல் ஏறாததற்கு ஒரே காரணம், அவர்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தள்ளி வந்ததுதான்.