'இல்லை' சேர்த்தால் எதிர்ச்சொல் ஆகிவிடுமா?

ஒரு சொல்லோடு 'இல்லை' சேர்த்தாலே எதிர்ப்பொருள் வந்துவிடுகிறதே, எதிர்ச்சொற்களை ஏன் தனியாகப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில சொற்களுக்கு மட்டும்தான் அது நடக்கும். தேர்வில் தேர்ச்சி இல்லை என்றால் தோல்விதான், நடுவில் இடம் கிடையாது. ஆனால் அக்னி நட்சத்திர நேரத்தில் வேலூர்க்காரர் ஒருவர் "இன்னைக்கு அவ்வளவு சூடு இல்ல" என்றால் ஊரே குளிர்கிறது என்று அர்த்தமா? சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே எத்தனையோ படி இருக்கிறது. வாங்குவது, விற்பது இரண்டும் இன்னொரு வகை. நேதாஜி மார்க்கெட்டில் நான் தக்காளி வாங்குவதும் கடைக்காரர் விற்பதும் ஒரே காரியம், நிற்கிற பக்கம்தான் வேறு. நான் வாங்கவில்லை என்றால் விற்றேன் என்று ஆகாது.

எங்கள் ஊரான வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. எல்லாமே 'இல்லாத'தான். ஒரு எதிர்ச்சொல்கூடக் கிடையாது, இருக்கவும் முடியாது. கோட்டைக்கு எதிர் எது, ஆற்றுக்கு எதிர் எது? இப்படிப்பட்ட பொருட்பெயர்களுக்கு, அங்கே இருக்க வேண்டியது இல்லை என்றுதான் சொல்ல முடியும். அந்த 'இல்லை'யும் நிலையாக நிற்பதில்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் லிங்கம் திரும்பி வந்துவிட்டது, இன்று தினமும் பூஜை நடக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெரும் வெள்ளமே போனது. இன்னமும் ஊரை அந்தப் பழைய வரியாலேயே அறிமுகப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

தமிழில் மறுப்புச் சொல்லே தனி வாழ்க்கை நடத்துவதும் உண்டு. பொறுமை, பொறாமை இரண்டும் 'பொறு' என்ற ஒரே வேரில் பிறந்தவை. பொறாமை என்றால் பொறுக்காமல் இருப்பது, அவ்வளவுதான். ஆனால் இன்று பஸ் வரவில்லை என்று பொறுமை இழந்து நிற்பவரைப் பொறாமைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பொறுக்காத குணத்துக்கு மட்டுமே அந்தச் சொல் நின்றுவிட்டது. அதனால் பொறுமைக்கு எதிர்ச்சொல் கேட்டால் பொறுமையின்மை என்று எழுதுவதுதான் இன்றைய வழக்குக்குப் பொருந்தும்.

அப்புறம், வேண்டுமென்றே எதிர்ப்பதத்தைச் சொல்கிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கறுப்பு ஆட்டையும் வெள்ளாடு என்கிறோம். கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லாமல் "வரேன்" என்கிறோம். இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்று பெயர். கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது என்ற அக்கறை மொழிக்குள்ளேயே இறங்கியிருப்பது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் சொல்லைத் தனியாகப் பட்டியல் போட்டு உருப்போடாதீர்கள், பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்துப் பாருங்கள். பழைய வீட்டுக்கு எதிர் புது வீடு. பழைய சோற்றுக்கு எதிர் சுடுசோறு, புதுச் சோறு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். இளைய மகனுக்கு எதிர் மூத்த மகன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கப் போனால் பிஞ்சுக்கு எதிர் முற்றல்.